'நீர் முகாமைத்துவம்' என்றால் 'முகாமா' என்று கேட்கிறார்கள், எந்தச் சொல்லைப் போடுவது?

களுவாஞ்சிக்குடி:
எல்லாருக்கும் வணக்கம், அவசரமாக ஒரு உதவி. எங்கள் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புக்குக் கைநூல் ஒன்று எழுதுகிறேன், தலைப்பு 'நீர் முகாமைத்துவம்'. தஞ்சாவூர் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு "தண்ணீருக்கு என்ன முகாம்?" என்று கேட்டார். சரி என்று 'நீர் மேலாண்மை' என மாற்றிக் கூட்டத்தில் வாசித்தால், முன்னுக்கு இருந்த வயதான போடியார் (வயல் சொந்தக்காரர்) "எந்த வேளாண்மை தம்பி, பெரும்போகமா சிறுபோகமா?" என்கிறார். அவரில் பிழையில்லை, பெரும்போகம், சிறுபோகம் என்ற இரண்டு பருவத்திலும் வயலில் நிற்கிற நெல்லே நமக்கு வேளாண்மைதானே. திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேணும்.

கல்லடி டீச்சர்:
தம்பி, முகாமைத்துவத்தையே வையுங்கள். முகாம் அரபு வழி வந்த சொல். முகாமை வேறு, பழைய அகராதிகளிலேயே தலைமை என்ற பொருளில் இருக்கிறது, தலைமை தலைமைத்துவம் ஆனது போல இதுவும் ஆனது. அனர்த்த முகாமைத்துவ நிலையம், முகாமைத்துவ உதவியாளர், வங்கி முகாமையாளர் என்று இலங்கையில் தினமும் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் பேரிடர் மேலாண்மை, வங்கி மேலாளர். 'நிர்வாகம்' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள், அது கந்தோர் (அலுவலகம்) நடத்துகிற மாதிரிக் கேட்கும்.

அக்கரைப்பற்று:
டீச்சர் சொல்வது சரி. ஆனால் முகாமையிலேயே 'மை' இருக்கும்போது துவம் எதற்கு, 'நீர் முகாமை' போதுமே. அதைவிட, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல்லைப் போடாதீர்கள் தம்பி. வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற வட்டவிதானை வந்து "நாளைக்கு விடிய உங்கட பக்கம் தண்ணி திறக்கிறம், வரம்பப் பாருங்க" என்றுதான் சொல்வார். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில், மேலே உள்ளவர்கள் முறையை மீறி எடுத்தால் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் எங்கள் நிலம் வெடித்துக் கிடக்கும், போன சிறுபோகம் விரலை விடுகிற அளவுக்கு வெடிப்பு. யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று அவர்களுக்கும் விளங்கும்படி எழுதுங்கள்.

களுவாஞ்சிக்குடி:
பெரிய உதவி அண்ணன். அட்டையில் 'நீர் முகாமைத்துவம்', அதற்குக் கீழே 'வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் முறை' என்று போடுகிறேன். போகம் தொடங்க முன்னர் நடக்கிற ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகிற தண்ணீர்த் திகதிகளை முதல் பக்கத்திலேயே எழுத இடம் விடுகிறேன். டீச்சர், 'முகாமைத்துவம் செய்தல்' என்று எழுதலாமா?

கல்லடி டீச்சர்:
எழுதலாம், 'முகாமை செய்தல்' இன்னும் லேசு. ஆனால் உங்கள் நூலில் திறத்தல், அடைத்தல், பங்கிடுதல் என்று செய்கிற வேலையின் பெயரையே போடுங்கள், அச்சுக்கு முன்னர் அந்தப் போடியாரிடம் ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள்.