கீமோ வார்டு நர்ஸ்கள் சோர்ந்துபோவது எதனால்?

கீழத்தெரு: தனியார் மருத்துவமனை ஒன்றில், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ பிரிவில் நர்ஸாக இருக்கும் என் தங்கை, பொது வார்டுக்கு மாற்றல் கேட்டிருக்கிறாள். சாவைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போச்சு என்கிறார்கள் வீட்டில். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆளும் பத்தவில்லை, சம்பளமும் பத்தவில்லை. 2015-இல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்த ஒப்பந்த நர்ஸ்களுக்கே ஆரம்பத்தில் மாதம் 7,700 ரூபாய்தானே?

செவ்வந்தி: தம்பி, சம்பளம் குறைவு என்பதில் சண்டையே இல்லை. ஆனால் அதே சம்பளத்துக்கு எலும்பு வார்டில் இருப்பவள் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறாள். கீமோ வார்டில் இருக்கும் எங்களுக்கு 21 நாளுக்கு ஒருமுறை அதே முகம் வரும். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது வரை தெரியும். சுற்று ஏற ஏற நரம்பு கறுத்துச் சுருங்கி, ஊசி குத்த இடம் தேட வேண்டும். டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்து புண்ணாகும். ஏறி முடியும்வரை அந்தக் கையைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அப்புறம் ஒரு தேதியில் அந்த ஆள் வர மாட்டார். பெட்டில் வேறு ஒருவர் இருப்பார். என்ன ஆச்சு என்று யாரிடம் கேட்பது?

கீழத்தெரு: கண்ணை எடுக்காமல் பார்க்க ஆள் வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன், அக்கா.

பழையவர்: இது சேவை. திடம் இல்லாதவர்கள் வரக்கூடாது. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது யார் இப்படிப் புலம்பினார்கள்?

செவ்வந்தி: ஐயா, அன்றைக்கு நர்ஸிடம் யார் கேட்டார்கள், பதில் தெரிவதற்கு? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை, அதாவது இப்படி வேலையில் சோர்ந்துபோவதை, வேலையிடத்தோடு சேர்த்துத்தான் வகைப்படுத்தியது. ஆளின் பலவீனம் என்று சொல்லவில்லை.

கீழத்தெரு: அப்படிப் போடுங்கள்! 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் அரசுக்கு இணையான சம்பளம் தர வேண்டும் என்று, உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016-லேயே பரிந்துரைத்தது. அதைச் செய்தார்களா?

செவ்வந்தி: செய்யட்டும், நானும் கூட வந்து கத்துகிறேன். ஆனால் முடி முளைத்து, பூ வைத்துக்கொண்டு ரிவ்யூவுக்கு வருகிற அம்மா, டாக்டரைப் பார்த்த கையோடு வார்டுக்கு வந்து என்னைத் தேடுவார். அதற்காகத்தான் நான் மாற்றல் கேட்கவில்லை. அந்தப் பழக்கம்தான் வலிக்கவும் செய்கிறது. உங்கள் தங்கை எந்த நோயாளிக்குப் பிறகு கேட்டாள்?

கீழத்தெரு: அது தெரியாது. இன்று இரவு கேட்கிறேன். ஆள் கணக்கில் மட்டும் இறங்கிவர மாட்டேன்.