சித்தி எந்த வகை வேலையின்மை?

வணக்கம் நண்பர்களே, குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். வேலையின்மை பாடத்தில் ஒரே குழப்பம், கொஞ்சம் கைகொடுங்கள்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். சித்தி நடவுக்குப் போகிறவர். தை, மாசியில் அறுப்பு முடிந்தால் வயலில் வேலை கிடையாது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால்தான் மறுபடி. இது பருவகால வேலையின்மை, சரி. ஆனால் இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டதால் சீசனிலும் பாதி நாள் வீட்டில்தான். இது தொழில்நுட்ப வேலையின்மையா, அமைப்புசார் வேலையின்மையா (பொருளாதாரத்தின் அமைப்பே மாறுவதால் வருவது)? என்னிடம் உள்ள இரண்டு கைடும் இரண்டு விதமாகச் சொல்கின்றன.

மாமா வீட்டில் ஒன்றரை ஏக்கரில் நாலு பேர் உழைக்கிறார்கள். இரண்டு பேர் திருப்பூருக்குக் கிளம்பினாலும் ஒரு மூட்டை நெல் குறையாது. மறைமுக வேலையின்மை என்று தாளில் எழுதிவிடலாம், மாமாவிடம்தான் சொல்ல முடியாது!

பெரிய சந்தேகம் இதுதான். மத்திய அரசு நடத்தும் பி.எல்.எஃப்.எஸ். என்ற தொழிலாளர் கணக்கெடுப்பின் வாராந்திர நிலையில், 7 நாளில் 1 மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர் என்று கணக்கு. அப்படியானால் மாமா வீட்டு நாலு பேரும் வேலையின்மை விகிதத்தில் வரவே மாட்டார்களா? வகுப்பு எடுப்பவர்கள் யாராவது உதாரணத்தோடு விளக்குங்களேன். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.