பிஜேஎம் வாரியத்தில் மாநிலங்களுக்கு இடம் கொடுத்தால் கரண்ட் பில் குறையுமா?

மீட்டர்பாக்ஸ்:
அமெரிக்காவில் நியூ ஜெர்சி கடற்கரையிலிருந்து சிகாகோ வரை 13 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் நகருக்கும் மின்தொகுப்பை (கிரிட்) நடத்துவது பிஜேஎம் என்ற ஒரே அமைப்பு. ஏறத்தாழ 6.7 கோடி பேர் அதன் கீழ் வருகிறார்கள். வரப்போகும் வருடத்தின் உச்சத்தேவைக்கு மின்நிலையங்கள் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே ஒரு தொகை பேசி வைக்கிறார்கள், அது ஏலத்தில் முடிவாகிறது. கெபாசிட்டி ஏலம் என்பார்கள். 2024-25க்கு ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாளைக்கு 28.92 டாலர். அடுத்த வருடத்துக்கு 269.92. அதற்கடுத்து 329.17, அப்புறம் 333.44. மொத்தத் தொகை 220 கோடி டாலரிலிருந்து ஒரே ஏலத்தில் 1,470 கோடிக்கு எகிறியது.

கடைசியில் இதைக் கட்டுவது வீட்டில் மீட்டர் ஓடுகிறவர்கள். ஆனால் விதிகளை மாற்றும் கமிட்டிகளில் மாநில ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு ஓட்டு கிடையாது. பேசலாம், கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். 2025 ஜூலையில் ஒன்பது ஆளுநர்கள், இரு கட்சிக்காரர்களும் சேர்ந்து, பிஜேஎம்மின் இயக்குநர் வாரியத்தில் காலியான இரண்டு இடங்களுக்கு நாங்கள் ஆள் சொல்கிறோம் என்று கேட்டார்கள். என்னைக் கேட்டால் அதுவே குறைச்சல். எதிர்ப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

கணக்குப்புலி:
காரணத்தோடு வருகிறேன். விலை ஏறியது ஏலத்தில், வாரியக் கூட்டத்தில் இல்லை. டேட்டா சென்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன, பழைய நிலக்கரி நிலையங்கள் மூடப்படுகின்றன, புதிதாகக் கட்டுவதற்கு வருடக்கணக்கில் ஆகிறது. ஆளுநர்கள் சொல்லும் இரண்டு பேரை மேஜையைச் சுற்றி உட்கார வைத்தால் எந்த டர்பைன் சுற்றும்?

இன்னொன்று. டேட்டா சென்டர்களுக்கு வரிச்சலுகை கொடுத்துக் கூப்பிட்டது யார்? மாநிலங்கள். மின்கம்பிப் பாதைக்கும் மின்நிலையத்துக்கும் இடம் அனுமதிப்பது யார்? அதுவும் மாநிலங்கள். தங்கள் கையில் இருக்கும் சாவியை விட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பூட்டைக் குறை சொல்கிறார்கள். ஏற்கெனவே பென்சில்வேனியா ஆளுநர் ஷபீரோ புகார் கொடுத்து, ஏல விலைக்கு இரண்டு ஏலங்களுக்கு உச்சவரம்பு வந்தது. 333.44 என்பது அந்த வரம்பில் முட்டி நின்ற விலை. வரம்பு இல்லாமல் இருந்திருந்தால் 530 டாலருக்கு அருகில் போயிருக்கும் என்று பிஜேஎம்மே சொன்னது. அந்த ஏலத்தில் தேவையான இருப்புக்கு 6,623 மெகாவாட் குறைந்தது. விலையை அமுக்கினீர்கள், சரி. பற்றாக்குறையை எங்கே அமுக்குவீர்கள்?

மீட்டர்பாக்ஸ்:
ஏலம் வானத்திலிருந்து குதிக்கவில்லை நண்பரே, அதற்கு விதி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு விதியைப் பாருங்கள். மேரிலாந்தில் பிராண்டன் ஷோர்ஸ், வாக்னர் என்று இரண்டு மின்நிலையங்கள். மூடப்போகிறோம் என்றார்கள். மூடினால் பால்டிமோர் பக்கம் மின்சாரம் தள்ளாடும் என்பதால், இருங்கள், தனியாகப் பணம் தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்டு ஓட வைத்தார்கள். அந்தப் பணத்தையும் பயனீட்டாளர்தான் கட்டுகிறார். ஆனால் 2024 ஜூலையில் நடந்த ஏலத்தில் அந்த மெகாவாட்டுகளை இருப்பாகவே எண்ணவில்லை! நிலையம் நிற்கிறது, தேவைப்பட்டால் ஓடும், அதற்குக் காசும் போகிறது, ஆனால் ஏலக்கணக்கில் அது இல்லை. அதனால் எல்லோருக்கும் விலை ஏறியது. பொதுநலக் குழுக்களும், பயனீட்டாளருக்காக வாதாடும் மாநில அரசு அமைப்புகளான பயனீட்டாளர் வழக்கறிஞர் அலுவலகங்களும் ஃபெர்க்கிடம் (மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம்) முறையிட்ட பிறகுதான் அடுத்த இரண்டு ஏலங்களுக்கு எண்ணச் சம்மதித்தார்கள்.

இது டர்பைன் விஷயமா, யார் மேஜையில் இருக்கிறார் என்ற விஷயமா?

ராத்திரிஷிப்ட்:
இந்தத் துறையில்தான் வேலை, கமிட்டி அழைப்புகளைக் காதில் மாட்டிக்கொண்டே பல நாள் போயிருக்கிறது. இருவருமே வாரிய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். சிக்கல் கீழே, ஓட்டுக் கணக்கில் இருக்கிறது.

பிஜேஎம்மில் ஆயிரத்துக்கும் மேல் உறுப்பினர்கள். அவர்களை ஐந்து பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள்: உற்பத்தியாளர்கள், உயரழுத்தக் கம்பிகளின் சொந்தக்காரர்கள், பகிர்மான நிறுவனங்கள், பெரிய பயனீட்டாளர்கள், இதில் எதிலும் சேராத வியாபாரிகள் எல்லாம் 'இதர வழங்குநர்'. மாநிலங்களின் பயனீட்டாளர் வழக்கறிஞர்கள் பயனீட்டாளர் பிரிவில் ஓட்டுப் போடுகிறார்கள், ஆக மீட்டர்பாக்ஸ் சொல்வது ஆணையங்களுக்குப் பொருந்தும், இவர்களுக்குப் பொருந்தாது. மேல்மட்டக் கமிட்டியில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு புள்ளி, மொத்தம் 5. ஒரு பிரிவுக்குள் ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் ஆமாம் என்றால் 0.5. ஒரு தீர்மானம் தேற 3.335 வேண்டும், அதாவது மூன்றில் இரண்டு பங்கு.

இப்போது கணக்குப் போடுங்கள். பயனீட்டாளர் பிரிவு ஒருமனதாக ஆமாம், பகிர்மானமும் ஒருமனதாக ஆமாம், இதர வழங்குநரும் ஒருமனதாக ஆமாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 3.0. தோல்வி. இரண்டு பிரிவுகள் சேர்ந்து தலையாட்ட மறுத்தால் போதும், எதுவும் நகராது.

நடந்ததும் அதுதான். 2025 நவம்பரில் டேட்டா சென்டர் போன்ற பெரிய சுமைகளை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு டஜன் திட்டங்கள் ஓட்டுக்கு வந்தன. ஒன்றுகூட மூன்றில் இரண்டு பங்கைத் தொடவில்லை. 2023இல் கெபாசிட்டி சந்தைச் சீர்திருத்தத்திலும் இதே கதை. இரண்டு முறையும் கடைசியில் வாரியமே முடிவெடுத்தது. அந்த ஓட்டுகள் ஆலோசனைதான், கட்டுப்படுத்தாது. ஆக, மாதக்கணக்கில் கூடிப் பேசி, ஸ்லைடு போட்டு, திருத்தத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து, முடிவு மட்டும் வேறு அறையில்.

கீழ்மட்டக் கமிட்டிகளில் இன்னொரு கூத்து உண்டு. அங்கே ஒரு குழுமத்தின் துணை நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓட்டுப் போடலாம். மேலே போனால்தான் குடும்பத்துக்கு ஒரு ஓட்டு.

சமவெளி_தாஸ்:
இதெல்லாம் தீர்க்க முடியாத விஷயமா என்ன? தென்மேற்கு மின்தொகுப்பு எஸ்பிபியைப் பாருங்கள். அங்கே மாநில ஆணையர்கள் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது, செலவை யார் தலையில் எவ்வளவு ஏற்றுவது என்பதில் அவர்கள் சொல்வதை எஸ்பிபி ஃபெர்க்கிடம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். உலகம் இடிந்துவிடவில்லை. கம்பிகளும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கணக்குப்புலி:
தாஸ், அங்கே பெரும்பாலும் உற்பத்தியும் கம்பியும் பகிர்மானமும் ஒரே நிறுவனத்திடம் இருக்கும் மாநிலங்கள். எந்த நிலையம் கட்டலாம், எவ்வளவு திரும்ப எடுக்கலாம் என்று அந்த ஆணையர்கள் ஏற்கெனவே முடிவு செய்கிறவர்கள். பிஜேஎம் மாநிலங்களில் பல, எங்களுக்குப் போட்டிச் சந்தை வேண்டும் என்று மின்நிலையங்களைத் தனியாகப் பிரித்து விட்டவை. விட்டுக்கொடுத்த அதிகாரத்தைப் பின்வாசல் வழியாகத் திரும்பக் கேட்கிறார்கள் என்றுதான் முதலீட்டாளன் பார்ப்பான். முப்பது வருடம் ஓடவேண்டிய நிலையத்துக்குப் பணம் போடுகிறவன், நாலு வருடத்துக்கு ஒரு தேர்தலைப் பார்த்துப் பயப்படுவானா மாட்டானா?

அப்புறம் கலிபோர்னியா. அந்தத் தொகுப்பின் வாரியத்தில் ஐந்து பேர், ஐந்து பேரையும் நியமிப்பது கலிபோர்னியா ஆளுநர். அதனாலேயே பக்கத்து மாநிலங்கள் முழுசாகச் சேரமாட்டோம் என்று வருடக்கணக்கில் விலகி நின்றன. 2025இல் சட்டம் போட்டுத்தான் சுயேச்சையான அமைப்பின் கையில் சந்தையை ஒப்படைக்க வழி திறந்தார்கள். அங்கே அரசியல்வாதி கையிலிருந்து விடுவிக்கிறார்கள், நீங்கள் இங்கே அரசியல்வாதி கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

டெக்சாஸ் வேண்டுமா? 2021 பிப்ரவரிப் பனியில் இருட்டடித்த பிறகு அங்கே மின்தொகுப்பை நடத்தும் எர்காட்டின் வாரியத்தையே கலைத்துப் போட்டு, ஆளுநர், துணை ஆளுநர், சபாநாயகர் ஆளுக்கு ஒருவரை நியமிக்கும் மூவர் குழு தேர்ந்தெடுக்கும் வாரியமாக மாற்றினார்கள். உறுப்பினர் டெக்சாஸ்வாசியாக இருக்க வேண்டும் என்றும் விதி. இயற்கை எரிவாயுக் குழாய் உறைந்ததற்கு வாரியத்தின் முகவரியா காரணம்?

மீட்டர்பாக்ஸ்:
கலிபோர்னியாவில் ஒரே மாநிலம் எல்லாரையும் நியமித்தது, அதைத்தான் மற்றவர்கள் எதிர்த்தார்கள். இங்கே கேட்பது பத்தில் இரண்டு. இரண்டையும் ஒரே தராசில் போடுவது என்ன நியாயம்?

சுயேச்சை சுயேச்சை என்கிறீர்களே, அந்த வாரியத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? அதே ஐந்து பிரிவு உறுப்பினர்கள். 2025 மே மாதம் வாரியத் தலைவரையும் இன்னொரு உறுப்பினரையும் மறுதேர்வில் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். விற்கிறவனும் கம்பிக்காரனும் ஓட்டுப் போட்டு ஆளை மாற்றலாம், அது சுயேச்சை. மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநர் பெயர் சொன்னால் மட்டும் அரசியலா?

கணக்குப்புலி:
அந்த மே மாத ஓட்டை நீங்கள் தலைகீழாகப் படிக்கிறீர்கள். என் வாசிப்பு இது: அதற்கு முந்தைய வருடம் வாரியம் ஒரு வேலை செய்தது, உறுப்பினர்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட பிறகும் செய்தது. அந்தக் கோபமும் அதில் இருந்தது. ராத்திரிஷிப்டுக்குத் தெரிந்திருக்கும்.

ராத்திரிஷிப்ட்:
தெரியும், அதைச் சொல்லத்தான் வந்தேன். நாற்காலியை விட இது முக்கியம் என்பேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிஜேஎம்மின் விதிகள் முக்கியமாக இரண்டு ஆவணங்களில் கிடக்கின்றன. ஒன்று உறுப்பினர்களோடு போட்ட இயக்க ஒப்பந்தம், இன்னொன்று டாரிஃப், அதாவது கட்டண, சேவை விதிகளின் தொகுப்பு. ஒரு விதி எந்த ஆவணத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதை மாற்றும் உரிமை யாருக்கு என்பது மாறும். டாரிஃபில் இருந்தால், பொதுவாக, வாரியமே மத்திய மின்சட்டத்தின் 205ஆம் பிரிவில் ஃபெர்க்கிடம் மனுப்போடலாம். எங்கள் திட்டம் நியாயமானது என்று காட்டினால் போதும். இயக்க ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த 205 உரிமை உறுப்பினர்களுடையது. அவர்கள் சம்மதிக்காவிட்டால் வாரியம் 206ஆம் பிரிவில் போக வேண்டும், அதாவது இப்போதுள்ள விதியே அநியாயமானது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். மலையளவு வித்தியாசம்.

புதிய மின்கம்பிப் பாதைகளைத் திட்டமிடும் விதிமுறை இயக்க ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2024இல் அதை அப்படியே டாரிஃபுக்குத் தூக்கிப் போட கம்பிச் சொந்தக்காரர்களும் வாரியமும் முயன்றார்கள். உறுப்பினர் கமிட்டி மறுத்தது. அப்படியும் மனுப் போனது. டிசம்பரில் ஃபெர்க் நிராகரித்தது. விதியில் ஒரு வரியும் மாறாமல், ஒரு பைலிலிருந்து இன்னொரு பைலுக்கு மாற்றுவதற்கே இவ்வளவு சண்டை ஏன் என்று யோசியுங்கள். ஆயிரக்கணக்கான கோடி மதிப்புள்ள கம்பித் திட்டங்களில் கடைசிப் பேனா யார் கையில் என்பது அதில்தான் இருந்தது.

அதனால் மாநிலங்கள் இரண்டு நாற்காலி கேட்பது எனக்கு ஏமாளித்தனமாகப் படுகிறது. வாரியத்தில் உட்கார்ந்தால் அமைப்பின் நலனுக்குக் கட்டுப்பட்டவர், அனுப்பிய ஆளுநருக்கு இல்லை. பத்தில் எட்டு பேர் ஒருபக்கம் என்றால் இவர் மினிட்சில் ஒரு வரி. கேட்க வேண்டியது மனுப்போடும் உரிமை. நியூ இங்கிலாந்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது: சந்தை விதியில் தொகுப்பு நிர்வாகம் ஒன்று சொல்லி, சந்தையில் பங்கேற்பவர்களின் அமைப்பு 60 சதவீத ஓட்டோடு மாற்று ஒன்று சொன்னால், இரண்டும் சமமாக ஃபெர்க் முன் போகும். எது மேல் என்று அவர்கள் தேர்ந்தெடுக்கலாம். அதை இங்கே மாநில ஆணையங்களின் கூட்டமைப்பான ஓப்சிக்குக் கொடுங்கள். 2005லிருந்து இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், பழக்கம் இருக்கிறது.

சமவெளி_தாஸ்:
இதற்கு நான் கை தூக்குகிறேன். கூடவே யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று கீழ்மட்டக் கமிட்டி வரைக்கும் வெளியிட வேண்டும். மாநிலத்துக்குள் கட்டணம் வசூலிக்கும் நிறுவனம் பிஜேஎம் தலைமையகம் இருக்கும் வேலி ஃபோர்ஜில் போய் என்ன ஓட்டுப் போடுகிறது என்று அந்த மாநிலத்துக்கே தெரியாது என்பது கொடுமை. சில மாநிலங்களில் இதற்காக மசோதாவும் வந்தது.

கணக்குப்புலி:
ஓட்டை வெளியிடுவதில் எனக்குச் சண்டை இல்லை. மாற்று மனு யோசனை நாற்காலியை விட நல்லது, ஏனென்றால் முடிவு நிபுணர் ஆணையத்திடமே இருக்கிறது. ஆனால் ஓப்சிக்குள் எப்படி ஓட்டு? மாநிலத்துக்கு ஒன்றா? டென்னசியிலும் வட கரோலினாவிலும் சின்னத் துண்டுகள்தான் பிஜேஎம்மில் இருக்கின்றன. அவர்களுக்கும் பென்சில்வேனியாவுக்கும் ஒரே எடையா? சரி, மின்சுமை அளவில் என்றால் டேட்டா சென்டர்களை வாரிக் குவித்திருக்கும் வர்ஜீனியாவுக்கு எடை கூடும், அதுவும் அந்தச் சுமைக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வியிலேயே. மேற்கு வர்ஜீனியாவுக்கு நிலக்கரி ஓடவேண்டும், நியூ ஜெர்சிக்கு வேறு கணக்கு. இவர்கள் எதில் ஒன்றுபடுவார்கள்?

மீட்டர்பாக்ஸ்:
இரண்டும் வேண்டும் என்று வையுங்கள். மாநிலங்களில் பாதிக்கு மேல், சுமையிலும் பாதிக்கு மேல். நாற்காலியை நான் விடுவதாக இல்லை, அது தனி.

கணக்குப்புலி:
இரட்டைப் பெரும்பான்மை! உறுப்பினர் கமிட்டியில் இருக்கும் முட்டுக்கட்டைக்கு மேல் இன்னொரு முட்டுக்கட்டை.

ராத்திரிஷிப்ட்:
இரண்டும் ஒன்றல்ல சார். ஓப்சி ஒன்றுபடாவிட்டால் மாற்று மனு போகாது, வாரியத்தின் மனு மட்டும் போகும், அதாவது இன்றைக்கு என்ன நடக்கிறதோ அது. எதையும் தடுக்கும் சக்தி அதற்கு இல்லை. ஒன்றுபடும் நாளில் மட்டும் ஃபெர்க் மேஜையில் இரண்டு தாள் இருக்கும். பிராண்டன் ஷோர்ஸ் மாதிரி விஷயத்தில் ஒன்றுபட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், டேட்டா சென்டர் செலவில் சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்துக்காக முதல் வகையையும் விடச் சொல்கிறீர்களா?