பெற்றோர் கேட்பதும் பார்ப்பதும் பிள்ளையின் தடுப்பூசியைத் தீர்மானிக்கின்றனவா?

கேள்வி: ஆலங்குளத்து மருமகள்

அனைவருக்கும் வணக்கம். ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வரும் புதன்கிழமைக்குள் என் மகளுக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிடும். தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணையைப் போட வேண்டும். திருப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர், இந்த ஊசி பிள்ளைக்குக் கெடுதல் என்று ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு குரல் பதிவை எனக்கு அனுப்பி, இந்த ஊசியை மட்டும் தள்ளிப் போடச் சொல்கிறார். பிறந்த அன்றும், ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களிலும் போட்ட ஊசிகளுக்கு அவர் ஒரு மறுப்பும் சொன்னதில்லை.

என் அத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பீடி சுற்றுகிறார். மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலையில் தூளை நிரப்பிச் சுருட்டும்போதெல்லாம் அருகில் திருநெல்வேலி வானொலி பாடிக்கொண்டிருக்குமாம். பாட்டுகளுக்கு நடுவே வரும் சொட்டு மருந்து அறிவிப்பைக் கை நிற்காமல் கேட்டுவிட்டு, மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாராம். இன்று அதே திண்ணையில் வானொலி இருந்த இடத்தில் கொழுந்தனாரின் செல்பேசி இருக்கிறது. அந்தக் குரல் பதிவைக் கேட்ட பிறகு அத்தையே சற்றுத் தயங்குகிறார்.

வீட்டில் என்ன கேட்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்பதற்கும் பிள்ளைக்கு ஊசி போடுவதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? செல்பேசிதான் காரணம் என்றால், அதை வைத்துக்கொண்டே இதை எப்படிச் சரிசெய்வது?

பதில் 1: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், முக்கூடல் பக்கம்

மகளே, முதலில் புதன்கிழமையைத் தவறவிடாதே. தட்டம்மையை நம் பக்கத்தில் மணல்வாரி என்பார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்த வீடுகளில் சளி நெஞ்சில் இறங்கி மூச்சுத் திணறிய பிள்ளைகளை நான் தூக்கியிருக்கிறேன். ரூபெல்லா பிள்ளைக்கு லேசாக வந்து போய்விடும். ஆனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ஒரு பெண்ணைத் தொற்றினால், வயிற்றில் இருக்கும் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றுமே பழுதாகலாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த ஊசியைப் போடும் முகாம் தமிழ்நாடெங்கும் நடந்தது. முன்பு போட்டிருந்தாலும் மறுபடி ஒன்று போட வேண்டும் என்பது விதி. ‘ஏற்கெனவே போட்டாச்சே, பிறகு எதற்கு?’ என்ற நியாயமான கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் வாட்ஸ்அப் வேறொரு பதிலைச் சொல்லிவிட்டது. நான் போன ஒரு பள்ளியில் வகுப்பில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. ஊசிக்குப் பயந்து பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது.

அந்த நாட்களில் வீடு வீடாகப் போனபோது ஒரு பெண் சொன்ன சொல் இன்னும் காதில் நிற்கிறது: “நான் வேண்டாம்னு சொல்லலக்கா, அவுகதான் போன்ல வேண்டாங்காவ.” தாய் எதைக் கேட்கிறாள் என்பதை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும், வெளியூரில் இருக்கும் தகப்பன் எதைக் கேட்கிறான் என்பதில்தான் மறுபாதி இருக்கிறது. நாங்களோ பகலில் வீட்டில் இருக்கும் பெண்களிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். அது எங்கள் பிழை.

இன்னொன்றையும் உன் கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. இந்த ஊசிக்குப் பின் ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சில பிள்ளைகளுக்கு லேசான காய்ச்சலோ தடிப்போ வந்து தானாக அடங்கும். இதை யாரும் சொல்லாமல் விட்ட வீட்டில், காய்ச்சல் வந்த அன்று அந்தக் குரல் பதிவு உண்மையாகிவிடும்.

பதில் 2: பாளையங்கோட்டை, புள்ளியியல் ஆசிரியர்

செல்பேசி மீது முழுப் பழியையும் போட நான் தயங்குகிறேன். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்ற குழந்தைகள் 2005-06இல் ஏறத்தாழ 81 விழுக்காடு. 2015-16இல் அது 70 விழுக்காடாகக் குறைந்து, 2019-21இல் 89 விழுக்காடாக உயர்ந்தது. முதல் பத்தாண்டில்தான் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வீடு வீடாக வந்தது. ஆனால் ஊசி போடுவது குறைந்தது. பிந்தைய ஆண்டுகளில் மலிவான இணையமும் செல்பேசியும் பரவின. ஆனால் ஊசி போடுவது கூடியது. கருவி வந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தால் இந்த ஏற்ற இறக்கம் விளங்காது. 2008இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்ததும், அதன் பிறகு ஊருக்குள் வந்து ஊசி போடுவதை நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வரச் சொன்னதும் அந்த இடைக்காலத்தில்தான் நடந்தன. பீடிக் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டிய தாய்க்கு அந்தத் தொலைவு எந்தச் செய்தியையும்விடப் பெரிய தடையாக இருந்திருக்கும் என்று நான் கருதுகிறேன்.

நாளிதழ் படிக்கும் தாயின் பிள்ளைக்கு ஊசிகள் முழுமையாகப் போடப்பட்டிருப்பது இத்தகைய ஆய்வுகளில் அடிக்கடி காணப்படுவதுதான். ஆனால் நாளிதழ் படிப்பவர் பெரும்பாலும் பள்ளிப் படிப்பு உள்ளவராகவும், மருத்துவமனைக்கு அருகில் இருப்பவராகவும் இருப்பதால், பலன் நாளிதழால் வந்ததா படிப்பால் வந்ததா என்று பிரிப்பது கடினம். வதந்திக்கும் வாட்ஸ்அப் தேவையில்லை. தட்டம்மைக்கான கூட்டு ஊசியால் ஆட்டிசம் என்னும் மூளை வளர்ச்சிக் குறைபாடு வருகிறது என்ற அச்சம், பன்னிரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்து 1998இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பி, நாளிதழ், தொலைக்காட்சி வழியாகத்தான் உலகம் சுற்றியது. 2010இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எழுதியவரின் பெயரும் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

பதில் 3: அம்பாசமுத்திரத்துக்காரன்

அக்கா, 2017இல் அப்படி ஒரு பதிவைப் பத்துப் பேருக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எல்லோரும் தம் பிள்ளையைக் காத்துக்கொள்ளட்டும் என்று நினைத்துத்தான் அனுப்பினேன். பேசியவர் யாரென்று எனக்குத் தெரியாது; ஆனால் எனக்கு அனுப்பியவர் என் சொந்த மாமா. அவர் பெயரில் வந்ததால் அவர் சொன்னதாகவே நம்பிவிட்டேன்.

எங்கள் குழுவில் பிள்ளைக்கு ஊசி போட்டவர்கள் குறைந்தது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. சண்டை எதற்கு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ‘என் பிள்ளைக்குப் போட்டாயிற்று, நன்றாக இருக்கிறான்’ என்று ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தால் நான் நின்று யோசித்திருப்பேன். மருத்துவர் பேசும் காணொளியைவிட அந்த ஒரு வரிதான் என்னைத் திருப்பியிருக்கும். அண்ணனின் குழுவில் ஊசி போட்ட வீட்டார் யாரென்று விசாரித்து, அவர்களையே அதில் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

பதிலளித்தவர்களுக்கு நன்றி. செவிலியரம்மா சொன்னதை என் குரலிலேயே பதிவு செய்து கணவருக்கு அனுப்பினேன். காய்ச்சல் பற்றிய பகுதியைத்தான் இரண்டு முறை கேட்டாராம். கணவருடன் ஒரே அறையில் தங்கியிருக்கும் கடையத்துக்காரர் தம் மகனுக்கு இரண்டு தவணையும் போட்டிருப்பதாகக் குழுவில் எழுதியிருக்கிறார். புதன்கிழமை அத்தையும் என்னோடு வந்தார். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அத்தை பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அந்தப் பத்து நாள் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். குழுவில் ஒருவர் மட்டும் இன்னும் வாதாடுகிறார். அவர் வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. அவருடைய மனைவியின் எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.