ஆங்கில வகுப்பு: வாசிப்பு, எழுத்து இரண்டையும் எப்படித் திருப்பிப் பார்ப்பது?

நீலமை:
இந்தப் பருவத்தில் நடத்திய எல்லாவற்றையும் தேர்வுக்கு முன் ரிவைஸ் செய்ய வேண்டும். மெயின் ஐடியா (மையக் கருத்து), இன்ஃபெரன்ஸ் (நேரடியாகச் சொல்லாததை உய்த்துணர்வது), பத்தி, கட்டுரை, இலக்கணம் என்று நோட்டு நிறைய இருக்கிறது. படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது, ஆனால் புதுப் பத்தி ஒன்றைக் கொடுத்து மெயின் ஐடியா எது என்று கேட்டால் நான்கு விடைகளும் சரி என்றே தோன்றுகிறது. கட்டுரையில் வேறு ஒவ்வொரு தடவையும் "ஆதாரம் போதவில்லை" என்று எழுதித் தருகிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம்?

பழையவாத்தியார்:
முதலில் நோட்டை மூடுங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உரையைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவிருந்தது, ஆனால் ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள்தான் முந்தினார்கள். உங்களுக்குத் "தெரிந்த மாதிரி" இருப்பது அந்த ஐந்து நிமிடத் தெளிவுதான்.

மெயின் ஐடியாவுக்கு வருவோம். தேனீக்கள் ஆடிக் காட்டியே உணவு இருக்கும் திசையையும் தூரத்தையும் கூட்டுக்குத் தெரிவிக்கின்றன என்று ஒரு பத்தி விளக்குகிறது, நடுவில் இதை ஆராய்ந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973ல் நோபல் பரிசு பெற்றதும் வருகிறது என்று வையுங்கள். "தேனீக்கள்" என்பது தலைப்பு மட்டும்தான். "பூச்சிகள் தகவல் பரிமாறுகின்றன" என்பது தேவைக்கு மேல் அகலம். நோபல் பரிசு உண்மைதான், ஆனால் அது ஒரே ஒரு வரியின் செய்தி. "தேனீக்கள் சுறுசுறுப்பானவை" என்பது பத்தியிலேயே இல்லை. தவறான விடைகள் பெரும்பாலும் இந்த வகைகளில்தான் வரும், அதனால் ஒவ்வொரு விடையையும் எடுத்து, பத்தியின் மற்ற வரிகள் இதைத் தாங்குகின்றனவா என்று கேளுங்கள். அப்புறம் ஒரு விஷயம், வாசிப்பில் நீங்கள் தேடும் மெயின் ஐடியாவைத்தான் எழுதும்போது டாபிக் சென்டன்ஸாக, அதாவது பத்தியின் மையக் கருத்தைச் சொல்லும் வாக்கியமாக, வைக்கிறீர்கள். இரண்டையும் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

மழைக்கோடு:
ஆதாரம் பற்றி நான் சொல்கிறேன். மேற்கோள் இருந்தும் அப்படி எழுதித் தந்தால், பெரும்பாலும் குறை மேற்கோளில் இல்லை, அதற்குப் பிறகு வர வேண்டிய விளக்கத்தில்தான். கருத்தைச் சொல்கிறோம், உரையிலிருந்து வரியை எடுத்துப் போடுகிறோம், உடனே அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறோம். அந்த வரி நம் கருத்தை எப்படி நிரூபிக்கிறது என்று உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வாக்கியமாவது எழுதுங்கள். இன்ஃபெரன்ஸும் இதே வேலைதான், உரையில் இருக்கும் குறிப்போடு நமக்குத் தெரிந்ததைச் சேர்த்து முடிவுக்கு வருகிறோம். எந்த வரியிலிருந்து வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அது வெறும் ஊகம்.

கதிர்மணி:
இலக்கணத்தை முழுசாகத் திருப்பப் போகாதீர்கள், நேரம் போய்விடும். திருத்திக் கொடுத்த பழைய தாள்களை எடுத்து, அடிக்கடி வரும் உங்கள் பிழைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்கு வருவது 'ஆல்தோ' போட்ட அதே வாக்கியத்தில் 'பட்'டும் போடுவது, இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டுவது, 'தி பாக்ஸ் ஆஃப் புக்ஸ்' என்பதற்குப் பிறகு 'ஆர்' போடுவது. எழுவாய் பாக்ஸ், அதனால் 'இஸ்'தான் வரும். கட்டுரையைக் கடைசி வாக்கியத்தில் தொடங்கி முதல் வாக்கியம் வரை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள், கருத்தின் ஓட்டத்தில் மனம் இழுபடாது, பிழை தனியாகத் தெரியும்.

நீலமை:
எல்லோருக்கும் நன்றி. சார், தெரியாத வார்த்தை வந்தால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறேன், அதற்கு?

பழையவாத்தியார்:
அந்த வார்த்தையை விரலால் மறைத்துவிட்டு, அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன வார்த்தை போடுவீர்கள் என்று பாருங்கள். பக்கத்தில் 'பட்', 'அன்லைக்' இருந்தால் எதிர்ப்பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம், 'சச் அஸ்' இருந்தால் பின்னாலேயே உதாரணம் வரும். நீங்கள் போட்ட வார்த்தையோடு வாக்கியம் முழுவதையும் மறுபடி படியுங்கள், பொருள் ஓடினால் மேலே போங்கள். அகராதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.