ஆரஞ்சுச் சக்கை சைலேஜ்: திறந்த டிரம் சூடாகிறது, வழி சொல்லுங்கள்

கறவை ஆடு வைத்திருப்பவர்களிடம் சைலேஜ் (காற்றுப் புகாமல் அடைத்துப் பதப்படுத்தும் ஈரத் தீவனம்) பற்றி ஒரு சந்தேகம். ஜூஸ் பிழிந்த ஆரஞ்சுச் சக்கையில் ஈரம் சுமார் 80 சதவீதம். அப்படியே அமுக்கினால் அடியில் சாறு வடிந்து புளித்து நாறும். அதனால் 100 கிலோ சக்கைக்கு 20 கிலோ நறுக்கிய வைக்கோல் கலந்து, ஈரத்தை 68 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, 200 லிட்டர் டிரம்மில் மிதித்து அடைத்து 30 நாள் மூடியாகிவிட்டது. திறந்ததும் மணம் அருமை, பூஞ்சை இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். இரண்டாம் நாளே மேல் அரை அடி கை வைத்தால் வெதுவெதுப்பு, கள் வாடை. மீதியிருக்கும் சர்க்கரையில் காற்றுப் பட்டதும் ஈஸ்ட் பெருகுகிறது என்பது புரிகிறது. ஒரு டிரம் தீர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். 40 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 1 கிலோ, ஈரம் நீக்கிய எடையில் பார்த்தால் மொத்தத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் கணக்கு. அதுவும் 100 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுவது. அவசரப்பட்டால் கழிச்சல்தான்.

கேள்விகள்: 25 கிலோ பைகளாகக் கட்டினால் இந்தச் சூடேறுவது நிற்குமா, எலி கடிக்காமல் எப்படி வைக்கிறீர்கள்? சக்கையில் சுண்ணாம்புச்சத்து அதிகம், பாஸ்பரஸ் குறைவு. தவிடு கூட்டியே சரிக்கட்டுகிறீர்களா, தாது உப்பையே மாற்றுகிறீர்களா? புரதத்துக்குப் பிண்ணாக்கு எவ்வளவு சேர்க்கிறீர்கள்? கறந்த பிறகு போட்டாலும் பாலில் வாடை ஏறுகிறதா? அளவோடு சொன்னால் நல்லது.