கட்டி முடித்த பிறகுதான் எஃப்.எம். (கட்டடப் பராமரிப்பு) ஆளைக் கூப்பிடுகிறார்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பிளான்ட்ரூம்_தண்டையார்பேட்டை

பசுமைச் சான்றிதழ் வாங்கிய அலுவலகக் கட்டடம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கட்டி ஒன்றரை வருஷம்தான். ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷினான சில்லரில் அப்ரோச், அதாவது கண்டென்சரில் கேஸுக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசம், ஏறிக்கொண்டே போனது. 2 டிகிரியில் இருந்தது 5-ஐத் தாண்டிவிட்டது. நம்ம வடசென்னைப் பக்கத்து போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும், அந்தத் தண்ணீர் ஓடும் கண்டென்சர் டியூப் முழுக்க உப்பு. சரி, தேய்த்துவிடலாம் என்று கவரைக் கழற்றப் போனால் எதிரே சுவர். இடைவெளி ஒன்றரை அடி.

கடைசியில் சுவரை உடைத்தோம். அந்தப் பக்கம் யு.பி.எஸ். அறை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பேட்டரிகள் மேல் தார்ப்பாய் போர்த்திவிட்டு நிற்கிறோம். கொத்தனார் முதல் செங்கலை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, "புதுச் சுவரு சார் இது. கட்டும்போது யாரும் சொல்லலையா?" என்றார்.

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சர், எம்.இ.பி. (ஏசி, மின்சாரம், பிளம்பிங் டிசைன்) என்று எல்லாருடைய கையெழுத்தும் இருக்கிறது. இருபது வருஷம் இதை ஓட்டப்போகிறவன் கையெழுத்துக்கு இடமே இல்லை.

காசிமேட்டுக் காற்று

எங்களுடையது ராயபுரம், மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். ஏசி அவுட்டோர் யூனிட் வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் மின்சாரம் மிச்சம் பிடிக்கிற ரகம். இரண்டாவது கோடையில் கூலிங் வரவில்லை என்று புகார். மேலே போய், யூனிட்டின் காயிலில் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளான ஃபின் மேல் கை வைத்தேன். அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது, கை முழுக்க வெள்ளைப் பொடி.

உப்புக் காற்றுக்குத் தாங்கும் கோட்டிங் போட்ட காயில் முதலில் பட்டியலில் இருந்ததாம். செலவைக் குறைக்க அடித்துவிட்டார்கள். அந்த மீட்டிங்கில் பராமரிப்பு ஆள் ஒருவர் இருந்திருந்தால் விட்டிருக்கவே மாட்டார். மிச்சம் பிடிக்க வாங்கிய மெஷின் நாள் முழுக்க நிற்காமல் ஓடி, பழைய மெஷினைவிடக் கூடுதல் பில் வந்தது.

எம்.இ.பி. 22 வருஷம்

முதலில் எழுதியவருக்கு: ஒன்றரை அடி இருந்தாலே ஃபிளெக்சிபிள் ஷாஃப்ட் மெஷின் வைத்துத் தேய்க்கலாம். சுவரை உடைத்தது அவசரம்.

எல்லாப் பழியையும் டிசைன் பக்கம் போடாதீர்கள். மணலியில் ஒரு வேலைக்கு எஃப்.எம். ஆளை நானே அழைத்தேன். 64 தாள் மேஜை மேல் விரித்திருந்தது. அரை மணி நேரம் புரட்டிவிட்டு "ஓகே சார்" என்று எழுந்துவிட்டார். அவருக்குக் கேட்கத் தெரியாமல் இல்லை, கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதனால் அழைப்பு வந்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் ஓட்டும் கட்டடத்தின் ஒரு வருஷ கரன்ட் பில், தண்ணீர் லாரிக் கணக்கு, பிரேக்டவுன் ரிஜிஸ்டர் மூன்றையும் எடுத்துப் போங்கள். டிசைனர் கணக்குப் போடுவது அனுமானத்தில், உங்களிடம் இருப்பது நிஜம். மெயின் மின் பேனல் எந்த மட்டத்தில் என்று முதலில் கேளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம்ம பக்கம் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று பார்த்தவர்கள், பேனலையும் பம்பையும் பேஸ்மென்ட்டில் வைக்க ஒத்துக்கொள்ளக் கூடாது. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம், எல்லா வரைபடத்திலும் குழி இருக்கும். அந்தக் குழியின் வண்டலை அள்ள ஆள் இறங்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். மாடிக்கு ஒரு சப்மீட்டர் (தனி கரன்ட் மீட்டர்) கேளுங்கள், பிறகு போடுவது பெரிய தலைவலி. கொடுங்கையூரில் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் மணலிப் பக்கத்து ஆலைகளுக்குக் கொடுக்கும் அளவுக்கு நிலையம் கட்டியிருக்கிறார்கள். ஒரு கட்டடம் தன் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு) தண்ணீரைக் கூலிங் டவருக்கு விட முடியாதா? முடியும். ஆனால் அதை ஓட்ட எத்தனை ஆள், என்ன கெமிக்கல், மாதம் எவ்வளவு என்று டிசைனிலேயே எழுத வேண்டும். 2017-ல் வந்த இசிபிசி என்ற கட்டட மின்சிக்கன விதிகள்கூடப் பெரும்பாலும் கட்டடத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்பதோடு நின்றன. அதற்கப்புறம் நீங்கள்தான்.

பிளான்ட்ரூம்_தண்டையார்பேட்டை

சார், ஷாஃப்ட் மெஷின் எங்களிடமும் இருந்தது. ஒரு டியூப் ஓட்டையாகி மாற்ற வேண்டியிருந்தது. டியூபை வெளியே இழுக்க அதன் முழு நீளத்துக்கு இடம் வேண்டாமா?

வியாசர்பாடி ஹவுஸ்கீப்பிங் அக்கா

எனக்கு மெஷின் பற்றித் தெரியாது, நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். எங்கள் கட்டடத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்து டாய்லெட் ஃபிளஷுக்கு விடுகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் துடைக்கத் தண்ணீர் பிடிக்க எந்த மாடியிலும் குழாய் கிடையாது. பக்கெட் வாஷ்பேசினில் நுழையாது. லிஃப்ட்டில் பக்கெட் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு.

ஒருநாள் ஐந்தாவது மாடிக்குப் போனேன். எங்கள் பெண் ஒருத்தி பான்ட்ரியில் குடிக்கிற தண்ணீர் மெஷினுக்குக் கீழே பக்கெட்டை வைத்து, அது நிறையும்வரை பட்டனை அழுத்திக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "வேற எங்கக்கா போறது?" என்றாள். திட்ட வாய் வரவில்லை. 2019-ல் எங்கள் தெருவில் குடத்தோடு ராத்திரி முழுக்க லாரிக்குக் காத்திருந்தவள் அவள். அவளையே குடிக்கிற தண்ணீரால் தரையைத் துடைக்க வைத்துவிட்டார்கள்.

பிளான்ட்ரூம்_தண்டையார்பேட்டை

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை எங்கள் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறிப் பார்த்தேன். ஆறு மாடியில் நான்கில் குழாய் இல்லை. மூன்று வருஷமாக இங்கே இருக்கிறேன். டாய்லெட் ஷாஃப்ட்டில் ஃபிளஷ் லைன் போகிறது, அதிலிருந்து ஒரு டி-ஜாயின்ட் போட்டு முழங்கால் உயரத்தில் குழாய் வைக்கலாம், மேலே "குடிக்கக் கூடாது" என்று தமிழில் எழுதி. பிளம்பரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எந்த உயரம், எந்தப் பக்கம் என்று எங்கள் ஹவுஸ்கீப்பிங் பெண்களும் கூட வந்து காட்டப்போகிறார்கள்.